அக்கூஸ்டிக் பேஸா, யூ-பேஸா, எலெக்ட்ரிக் பேஸும் சின்ன ஆம்பும் போதுமா? குமரி மாவட்டத்துக் குயர்களுக்கு ஓர் ஒப்பீடு

அக்டோபர் பிறந்ததும் மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கங்களிலிருந்து இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். குயரில் (ஆலயப் பாடற்குழுவில்) கீபோர்டு உண்டு, கிட்டார் இரண்டு உண்டு, அடிச்சுரம் தரும் பேஸ் கிட்டார் மட்டும் இல்லை. கேரல் ரவுண்ட்ஸுக்கு வீடுவீடாகப் போகவேண்டும். ஆம்ப் (ஒலிபெருக்கி) சுமக்க ஆளில்லை. போகிற வீட்டில் அந்த நேரத்துக்குக் கரன்ட் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அப்படியானால் கரன்ட் இல்லாமலே தன் பெட்டியால் ஒலிக்கும் அக்கூஸ்டிக் பேஸ் வாங்குவதுதானே சரி?

சிலருக்குச் சரி, பலருக்குச் சரியாக வராது. கடையில் கையில் எடுத்து வாசிக்கும்போது எல்லா அக்கூஸ்டிக் பேஸும் நன்றாகத்தான் கேட்கும். கடை அமைதியாக இருக்கும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும், பெட்டியின் அதிர்வு வாசிப்பவரின் நெஞ்சிலும் தொடையிலும் நேராக இறங்கும். இரண்டு கிட்டாரும் பத்துப் பேரின் குரலும் சேர்ந்த இடத்தில், நாலு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேராது. ஆகவே கடையில் கேட்ட சத்தத்தை ஒதுக்கிவிட்டு, எங்கே வாசிக்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

இடம். வீட்டு ஜெபக்கூட்டமா, தெருவில் கேரலா, ஆலயத்தில் மைக் செட்டோடு ஆராதனையா, கன்வென்ஷன் பந்தலா? வருடத்தில் எது அதிகம் நடக்கிறதோ அதற்கே வாங்கவேண்டும். டிசம்பரில் நடக்கும் சில இரவுகளுக்காக வாங்கிய கருவி மீதிப் பதினொரு மாதமும் உறையில் கிடக்கக் கூடாது.

பெட்டியால் எவ்வளவு முடியும். பேஸின் திறந்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடிக்கம்பி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸ். 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். அதைக் காற்றில் தள்ளப் பெரிய பெட்டி வேண்டும். வயலின் வடிவத்து டபுள் பேஸ் ஆள் உயரத்துக்கு நிற்பதன் காரணம் அதுதான். அக்கூஸ்டிக் பேஸின் உடம்போ ஒரு ஜம்போ கிட்டார் அளவு. 1972-இல் எர்னி பால் என்பவர் எர்த்வுட் என்ற அக்கூஸ்டிக் பேஸைக் கொண்டுவந்தபோது உடம்பை மிகவும் ஆழமாக வைத்துப் பார்த்தார்கள். சத்தம் கூடியது, ஆனால் மடியில் வைத்து வாசிக்கப் பெரும்பாடு. இன்று வருபவை கைக்கு அடங்கும்படி ஒடுங்கிவிட்டன. அவற்றில் நாம் கேட்பது பெரும்பாலும் 82, 124 ஹெர்ட்ஸ் மேல்சுரங்களைத்தான். அடியிலுள்ள சுரத்தைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சின்ன அறையில் இது போதும். வெளியே இந்தக் கணக்கு செல்லாது.

ஈரம். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனில் குலசேகரம் ரப்பர் தோட்டங்களில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அதே நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வறண்ட காற்று காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். குளச்சல், முட்டம் கரையில் உப்பு. மரக் கருவிகளுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இதம் என்பார்கள். மழைக்காலத்தில் இங்கே அது கனவுதான்.

கை. கம்பியின் அதிரும் நீளமான ஸ்கேல் 34 அங்குலம் என்றால், முதல் நான்கு ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளுக்கு) விரலை விரிப்பது பெரியவர்களுக்கே வேலை. ஞாயிறு பள்ளி வயதுப் பிள்ளைகள் இரண்டாம் வாரமே விட்டுவிடுவார்கள்.

மொத்தப் பணம். விலைச்சீட்டில் உள்ள தொகையோடு கம்பி, உறை, பேட்டரி, செட்டப் (கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்யும் கூலி), ஆம்ப் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

## பெரிய உடம்பு, 34 அங்குல அக்கூஸ்டிக் பேஸ்

பெரும்பாலானவர்கள் மனதில் நினைப்பது இதைத்தான். சில மாடல்களில் ஸ்கேல் 32 அங்குலம் இருக்கும். வாசிப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது, கம்பி வாங்கும்போதுதான் தெரியும்.

ப்ளக் செய்யாமல் (ஆம்பிலோ மைக் செட்டிலோ சொருகாமல்) வாசிப்பதற்கு, இங்கே பார்க்கும் நான்கு வகையில் இதுவே மேல். ஒரு கிட்டாரை விரலால் மீட்டி, ஐந்தாறு பேர் உட்கார்ந்து பாடும் முன்னறையில் இதன் சத்தம் இதமாக நிறையும். கிட்டார்காரர் பிக் எடுத்து ஓங்கி அடித்தாலே பேஸ் பின்வாங்கும். டம்பரின், தபேலா, ரிதம் பேட் வந்துவிட்டால் காணாமலே போகும். தெருவிலும் அப்படித்தான், திறந்த வெளியில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை.

அதனால் எப்படியும் ஒரு நாள் ப்ளக் செய்யத்தான் போகிறீர்கள். அங்கிருந்து மூன்று தொல்லைகள் தொடங்கும்.

ஒன்று, ஊளை. மைக் செட்டின் சத்தம் பெட்டியின் மேற்பலகையை அதிரவைக்கும், அந்த அதிர்வு பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) வழியே மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். பெரும்பாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓரிடத்தில்தான் இது பிடிக்கும். சவுண்ட்ஹோலை அடைக்கும் ரப்பர் மூடி ஒன்றைக் கருவியோடேயே வாங்கிவிடுங்கள். ப்ரீஆம்பில் (சிக்னலை வலுவாக்கும் சிறு சர்க்யூட்டில்) ஃபேஸ் பட்டன், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கும் பட்டன், இருந்தால் அழுத்திப் பாருங்கள். மானிட்டருக்கு (மேடையில் நம்மை நோக்கி வைத்த ஸ்பீக்கருக்கு) நேரே நிற்காதீர்கள். அப்போதும் அடங்காவிட்டால் ஊளையிடும் அந்த ஒரு இடத்தை மட்டும் ஈக்வலைசரில் குறைக்கச் சொல்லுங்கள். மொத்த பேஸையும் குறைத்தால் கருவி வாங்கியதே வீண்.

இரண்டு, பேட்டரி. கம்பிகளைப் பலகையில் பிடிக்கும் பிரிட்ஜின் மேல் அமர்ந்த மெல்லிய பட்டைதான் சேடில்; அதற்கு அடியிலுள்ள பீசோ பிக்கப்பின் சிக்னலை 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப்தான் எடுத்துக் கொடுக்கிறது. கேபிளை ஜாக்கில் சொருகினாலே ப்ரீஆம்ப் ஓட ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை ஒத்திகை முடிந்து கேபிளை அப்படியே விட்டுப்போனால் ஞாயிறு ஆராதனையில் சத்தம் கரகரக்கும். ப்ரீஆம்ப் இல்லாத பீசோவை நேராக மிக்சரில் சொருகினால் அடிச்சத்தம் மெலிந்து தகரம் தட்டுவதுபோலக் கேட்கும். அதற்கு 1 மெகா ஓம் உள்ளீடு உள்ள டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக்கும் பெட்டி) தேவை.

மூன்று, மழை. நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஈரம் ஏறிய மேற்பலகை அந்த இழுப்பில் புடைக்கும், பிரிட்ஜ் மேலே எழும், கம்பி உயரும், விரல் நோகும். அப்போது பலர் அவசரப்பட்டு டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை) முறுக்குகிறார்கள். இது தவறு. முதலில் கழுத்தின் வளைவைப் பாருங்கள்: இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் நடுவில் 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி இருக்கவேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு சற்றே உரசிப் போகும். அந்த அளவு இருந்தால் டிரஸ் ராடில் குற்றமில்லை, புடைத்தது பலகை. அதற்குச் சேடிலைத்தான் தாழ்த்தவேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய, சேடிலின் அடியில் 1 மி.மீ. தேய்க்கவேண்டும். பழைய சேடிலையே தேய்த்துவிட்டால் பிப்ரவரியில் பலகை இறங்கியதும் கம்பி ஃப்ரெட்டில் இரையும். எனவே இரண்டு சேடில் வைத்துக்கொள்ளுங்கள்: மழைக்காலத்துக்குத் தாழ்ந்தது ஒன்று, கோடைக்கு உயர்ந்தது ஒன்று. கம்பி மாற்றும்போது சேடிலையும் மாற்றிவிடலாம். தேய்க்கும்போது அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும். கோணலானால் பீசோவில் ஒரு கம்பி கத்தும், ஒரு கம்பி முனகும்.

மேற்பலகை சாலிட் ஸ்ப்ரூஸா (முழு மரப்பலகை), லேமினேட்டா (மெல்லிய அடுக்குகளை ஒட்டியது) என்று விற்பவர் பெருமையாகச் சொல்லுவார். முழுப்பலகைக்கு ஒலி நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஏ.சி. இல்லாத ஆலயத்து அறையில் வைக்கப்போகும் குயர் கருவிக்கு, இந்த ஊரில், லேமினேட்டையே சொல்வோம். அது ஈரத்துக்கு அவ்வளவு எளிதில் அசையாது.

மறைந்த செலவில் பெரியது கம்பி. பேஸ் கம்பி ஒரு செட் வாங்கும் பணத்தில் சாதாரண கிட்டாருக்கு மூன்று நான்கு செட் வாங்கலாம். பிரான்ஸ் கம்பி கடற்கரைப் பக்கம் சீக்கிரம் கறுத்துவிடும். கறுப்பு நைலான் நாடா சுற்றிய டேப்வுண்ட் கம்பி விலை கூடுதல், ஆனால் உப்புக்காற்றைத் தாங்கும், விரலுக்கும் மெத்தென்று இருக்கும், ஒலியும் டபுள் பேஸ் பக்கம் சாயும். பீசோ பிக்கப் கம்பியின் உலோகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இதைத் தயங்காமல் போடலாம்.

ஐந்து கம்பி அக்கூஸ்டிக் பேஸ் வேண்டாம். அந்த பி கம்பி 31 ஹெர்ட்ஸ். 41-க்கே திணறும் பெட்டியிடம் அதைக் கேட்பது அநியாயம்.

யாருக்கு ஏற்றது: வீட்டு ஜெபக்கூட்டம், ஒத்திகை, சிறு அறைப் பாட்டு இவையே பிரதானமாக உள்ளவர்களுக்கு. தனியாக உட்கார்ந்து இரவில் பழகுபவர்களுக்கும்.

## சிறிய உடம்பு, குறுகிய ஸ்கேல்

30 அங்குலமும் அதற்குக் கீழும். டெய்லர் ஜி.எஸ். மினி பேஸ் 23.5 அங்குலம் வரை இறங்குகிறது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து முதுகில் மாட்டிக்கொண்டு போகலாம், பிள்ளைகளுக்கும் கை எட்டும். உடம்பு சிறியது என்பதால் ப்ளக் இல்லாத சத்தம் இன்னும் குறைவுதான், ஆனாலும் ஒரு கிட்டார், இரண்டு குரலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

இங்கே ஏமாறும் இடம் கம்பி. 23.5 அங்குலத்தில் சாதாரண ஸ்டீல் கம்பியைப் போட்டு இ சுரத்துக்கு இறக்கினால் அது தொளதொளவென்று ஆடும். அதற்காக நைலான் உள்நரம்பு வைத்துத் தனியாகச் செய்த கம்பியைத்தான் போடவேண்டும். நாகர்கோவிலில் நினைத்த அன்று கிடைக்கும் என்று நம்பாமல் ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள். 30, 32 அங்குலக் கருவிகளுக்கும் நீளம் பார்த்தே வாங்கவேண்டும். கம்பியின் உருண்டை முனையிலிருந்து நட் (கழுத்தின் தலைப்பக்கத்துச் சிறு கட்டை) வரை டேப்பால் அளந்துகொண்டு போங்கள். லாங் ஸ்கேல் கம்பியை வாங்கி வெட்டினால் தடித்த பகுதி டியூனர் குமிழில் சுற்ற மறுக்கும், பிரிந்தும் போகும். கம்பியைப் பிரிட்ஜில் பிடிக்கும் முளைகளும் (பிரிட்ஜ் பின்) அப்படியே: கிட்டார் முளை பேஸுக்குப் பொருந்தாது.

யாருக்கு ஏற்றது: பயணம் அதிகமுள்ளவர்கள், சிறிய கைகள், கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிறவர்கள்.

## யூ-பேஸ்

உகுலேலே உடம்பு, 20 அங்குலத்தை ஒட்டிய ஸ்கேல், ரப்பர்போல் தடித்த பாலியூரித்தேன் கம்பி. கலா நிறுவனத்தின் யூ-பேஸ் பிரபலமாக்கிய வகை. பெரிய பேஸின் அதே இ-ஏ-டி-ஜி சுருதிதான் இதிலும். ப்ளக் செய்யாவிட்டால் வாசிப்பவருக்கு மட்டுமே கேட்கும். அதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். ப்ளக் செய்தாலோ டபுள் பேஸ் வாசிக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவைக்கும்.

கம்பியின் இழுவிசை குறைவு என்பதால் மழைக்காலத்தில் பலகை புடைக்கும் தொல்லை மிகக் குறைவு. உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கவும் கம்பியில் ஒன்றுமில்லை. ஆனால் புதுக்கம்பி ஒரு வாரத்துக்கு நீண்டுகொண்டே இருக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி பார்க்கவேண்டும். வியர்த்த விரலுக்கு ரப்பர் ஒட்டும்; கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் வழுக்கிப் போகும். ஸ்கேல் சிறியது என்பதால் விரல் சற்று நகர்ந்தாலும் சுருதி விலகும், காது கூர்மையாக இருக்கவேண்டும்.

யாருக்கு ஏற்றது: மைக் செட் எப்போதும் உள்ள ஆலயம், மேடையில் இடம் குறைவு, மெல்லிய பாடல்கள் அதிகம்.

## எலெக்ட்ரிக் பேஸும் பேட்டரி ஆம்பும்

கேரல் ரவுண்ட்ஸ்தான் காரணம் என்றால் நம் தேர்வு இது. யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174 போன்ற தொடக்கநிலை 34 அங்குல பேஸும், ஏ.ஏ. பேட்டரியிலோ சார்ஜிலோ ஓடும் ஒரு சிறு பேஸ் ஆம்பும். ஆம்ப் தோள்பையில் தொங்கும், கரன்ட் தேவையில்லை. நாலு அங்குல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸ் தர முடியாதுதான், அக்கூஸ்டிக் பெட்டியாலும் முடியாது என்று மேலே பார்த்தோம். சத்தத்தை ஏற்றிக்கொள்ள இதில் ஒரு குமிழ் இருக்கிறது என்பதே வேறுபாடு.

டிசம்பர் வடகிழக்கு மழை நேரம். கேரல் வழியில் தூறல் பிடித்தால் எலெக்ட்ரிக் பேஸின் முழுக்கட்டையான உடம்பைத் துணியால் துடைத்துக்கொண்டு நடக்கலாம். அக்கூஸ்டிக் பெட்டிக்குள் நீர் இறங்கினால் பிரேஸ்களின் (பலகையைத் தாங்கும் உட்சட்டங்களின்) பசை விடும். மேலே துடைத்துப் பயனில்லை. எலெக்ட்ரிக் பேஸுக்கும் கழுத்து அசையும், ஆனால் டிரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பினால் தீரும். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் ஆலன் கீயால் சரிசெய்யலாம்.

குறைகளும் உண்டு. எடை மூன்றரையிலிருந்து நாலரை கிலோ. அக்கூஸ்டிக் பேஸ் இரண்டு, இரண்டரை கிலோதான். இதன் மேக்னெடிக் பிக்கப்புக்கு நிக்கல் அல்லது ஸ்டீல் கம்பிதான் வேண்டும், பிரான்ஸ் சரிவராது. ஆம்ப் இல்லாமல் பழகக் கேட்காது. ஹெட்ஃபோன் ஜாக் உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆலயத்துக்கு என்றால் வேறொரு செலவு காத்திருக்கிறது, அது நான்கு வகைக்கும் பொது. பல கிராமத்து ஆலயங்களில் பேச்சுக்காகப் போட்ட நெட்டையான காலம் (column) ஸ்பீக்கரும் வெளியே குழாய் ஸ்பீக்கரும்தான் இருக்கும். குழாய் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தராது. எத்தனை விலை பேஸை அதில் சொருகினாலும் கிட்டாரைப்போலத்தான் கேட்கும். 12 அங்குல ஸ்பீக்கரும் 100 வாட்டும் உள்ள பேஸ் ஆம்ப் ஒன்றை ஆலயத்திலேயே வைத்துவிடுவதற்குப் பணம் ஒதுக்க முடியுமா என்று கமிட்டியில் முதலில் கேளுங்கள்.

பணமே தேவையில்லாத இன்னொரு திருத்தமும் உண்டு. கீபோர்டில் ஸ்டைல் (தானே ஓடும் பின்னணித் தாள இசை) ஓடினால் அதற்குள்ளேயே ஒரு பேஸ் வாசித்துக்கொண்டிருக்கும். உங்கள் பேஸும் அதுவும் ஒரே இடத்தில் மோதி, அடியில் ஒரே குழம்பலாகக் கேட்கும். ஸ்டைலில் பேஸ் பகுதியை மட்டும் மியூட் செய்யச் சொல்லுங்கள். கீபோர்டுக்காரர் இடதுகையையும் சற்று மேலே ஏற்றி வாசிக்கட்டும். புது பேஸ் கேட்கவில்லை என்று வரும் குறைகளில் பல இதோடு தீர்ந்துவிடும்.

| | ப்ளக் இல்லாமல் | மழைக்காலம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| 34 அங்குல அக்கூஸ்டிக் | முன்னறைக்குப் போதும் | பலகை புடைக்கும், இரண்டு சேடில் தேவை | கம்பி, சவுண்ட்ஹோல் மூடி, 9 வோல்ட் பேட்டரி |
| குறுகிய ஸ்கேல் அக்கூஸ்டிக் | ஒரு கிட்டாருக்கு மட்டும் | அதே தொல்லை, அளவில் குறைவு | தனிக் கம்பி, கிடைப்பது அரிது |
| யூ-பேஸ் | கேட்காது | அநேகமாகத் தொல்லை இல்லை | எப்போதும் ஆம்ப் அல்லது மைக் செட் |
| எலெக்ட்ரிக் + பேட்டரி ஆம்ப் | கேட்காது | கழுத்து மட்டும் பார்க்கவேண்டும் | பேட்டரி, ஆலயத்துக்குப் பெரிய ஆம்ப் |

## கடையில் சோதிக்கும் முறை

நாகர்கோவிலில் வாங்கினாலும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனாலும், கூட ஒரு கிட்டார்காரரை அழைத்துப் போங்கள். அவர் கிட்டாரைப் பிக்கால் அடிக்கட்டும், கடைக்காரர் பேஸை வாசிக்கட்டும், நீங்கள் நாலு மீட்டர் தள்ளி நில்லுங்கள். உங்கள் காதுக்கு வந்து சேருவதுதான் அந்தக் கருவியின் நிஜச் சத்தம்.

பிறகு கம்பி உயரம். ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் மூன்று கார்டுகளை அடுக்கி இ கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். மூன்று நுழைந்து நாலாவது இறுகினால் நல்ல உயரம். ஐந்து நுழைந்தால் சேடிலைப் பாருங்கள்: பிரிட்ஜுக்கு மேலே 3 மி.மீ.யாவது எழும்பி நின்றால் தேய்த்துச் சரிசெய்யலாம். சேடிலும் தாழ்ந்து கிடக்கிறது, கம்பியும் உயர்ந்து நிற்கிறது என்றால் கழுத்தின் கோணமே கெட்டது. அதைத் திரும்பப் பொருத்தும் கூலி, நடுத்தர விலைக் கருவிக்குக் கட்டுப்படியாகாது. வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள், குறிப்பாக ஜி கம்பியில் 5 முதல் 7 வரை. சில கருவிகளில் அங்கே ஒரு சுரம் சட்டென்று செத்துப்போகும், அதை எந்தச் செட்டப்பும் திருத்தாது. ப்ளக் செய்து நான்கு கம்பியும் சம அளவில் வருகிறதா என்றும் கேளுங்கள். நின்றுகொண்டு பெல்ட்டில் மாட்டிக் கையை விட்டால் தலைப்பக்கம் தாழ்கிறதா பாருங்கள். தாழ்ந்தால் ஆராதனை முழுக்க இடதுகை கழுத்தைத் தாங்கியே களைத்துவிடும்.

## வாங்கிய பின்னும், பழையதை வாங்கும்போதும்

மெல்லிய துணி உறை போதாது, கெட்டி கேஸ் வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். ஒரு சிறு ஈரப்பதமானியும் கேஸுக்குள் கிடக்கட்டும். மழை ஒழுகும் வெளிச்சுவரில் சாய்க்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் விடவே கூடாது. அந்தச் சூட்டில் பசை இளகி, கம்பியின் இழுப்பில் பிரிட்ஜ் நகரும்.

பழைய அக்கூஸ்டிக் பேஸ் விலைக்கு வந்தால் முதலில் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. ஒட்டலாம், ஆனால் அந்தக் கூலியை விலையில் கழிக்கவேண்டும். மொபைல் டார்ச்சைச் சவுண்ட்ஹோலுக்குள் அடித்து பிரேஸ்களைப் பாருங்கள், விரல்நுனியால் பலகையைத் தட்டுங்கள். விட்ட பிரேஸ் கரகரக்கும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சைப் பூஞ்சணமோ வெள்ளைப் பொடியோ படிந்திருக்கிறதா என்று பார்த்து, ப்ளக் செய்து குமிழ்களை முழுச்சுற்றும் திருப்புங்கள். ப்ரீஆம்ப் செத்திருந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால், அந்தக் கருவியை ப்ரீஆம்ப் இல்லாத விலைக்குக் கேட்கலாம். மாற்று ப்ரீஆம்ப் வாங்கும் முன் பக்கவாட்டில் வெட்டியிருக்கும் துளையின் நீள அகலத்தை மி.மீ.யில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அந்த அளவு மாறும்.